நாடாவில் ஏறிய எண்ணெய்

ஷாஜன் கல்ஃபிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே சர்ச் கேட்டுக்கு எண்ணெய் போட்டான். அதற்கடுத்து பஞ்சாயத்துக் குழாயின் திருகு. அதற்கும் அடுத்து என் டெம்போவின் பின்கதவு. நான் கேட்கவில்லை. கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அவனாகவே வந்து, ஒரு மஞ்சள் டப்பாவை அழுத்திப் புஸ் புஸ்ஸென்று அடித்துவிட்டு, "இனி அடச்சுப் பாருங்க ராஜண்ணே, பூ மாதிரி அடையும்" என்றான். அடைத்துப் பார்த்தேன். பூ மாதிரிதான் அடைந்தது. என் கையைப் பார்த்தால் முழங்கை வரைக்கும் எண்ணெய்.

அவனைக் குறை சொல்ல முடியாது. தம்மாமில் பதினோரு வருஷம் அவனுக்கு அதுதான் வேலை. ஒரு பெரிய தொழிற்சாலையில் கிரீஸ் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பேரிங்காகத் தேடிப் போய்க் கிரீஸ் அடைப்பான். கடைசி பேரிங்கை முடித்தால் மறுபடி முதல் பேரிங். போதாக்குறைக்கு எங்கள் ஊர் முட்டத்துக் கடலிலிருந்து ரெண்டு கல் உள்ளே. புதுப் பூட்டை வாங்கித் தொங்கவிட்டால் ஆடி முடிவதற்குள் சாவி நுழையாது. உப்புக்காற்று அப்படித் தின்னும். இந்த ஊரில் பிறந்து அந்த வேலைக்குப் போனவன் எண்ணெய் டப்பாவும் கையுமாகத் திரியாமல் வேறு எப்படித் திரிவான்?

நான் வைகுண்டராஜன். மீன்வலை நெய்கிற ஒரு கம்பெனிக்கு டெம்போ ஓட்டுகிறேன். கம்பெனியிலிருந்து நைலான் இழையை ஏற்றிக்கொண்டு போய் ஊர் ஊராக முறுக்குகிற இடங்களில் இறக்குவேன். அவர்கள் மூன்று இழையைச் சேர்த்து முறுக்கி நூலாக்கித் தந்ததும் அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போவேன். அப்படி நான் லோடு இறக்குகிற இடங்களில் ஒன்றுதான் ஷாஜனின் பெண்டாட்டி டெல்சியின் தகரக் கொட்டகை. ஊரில் அதற்கு முறுக்குக் கம்பெனி என்று பேர். ஆரம்பித்த புதிதில் யாரோ வந்து கால் கிலோ முறுக்கு கேட்டதாகத் தங்கபாய் சொல்வாள். தங்கபாய் அங்கே டெல்சிக்கு ஒத்தாசையாக வேலை செய்கிறவள். அவள் சொல்வதில் பாதியை நம்பலாம்.

மிஷின் டெல்சியுடையது அல்ல, கம்பெனியுடையது. நன்றாக முறுக்கித் தருகிறவர்களிடம் கொடுத்து வைப்பார்கள். டெல்சி அதை ஓட்டுகிற அழகை நான் எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு வரிசையாக பாபின்கள், அதாவது நூல் சுற்றுகிற உருளைகள், ஸ்பிண்டில் என்கிற கம்பிகளில் சுற்றும். ஒவ்வொரு பாபினையும் சுற்றி ஓர் இரும்பு வளையம். வளையத்தின் விளிம்பில் நகத்தளவு ஒரு கொக்கி, நூல் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். அந்தக் கொக்கிக்குப் பேர் டிராவலர். வளையத்தில் பிடிப்பு கூடினால் நூல் அறும், குறைந்தால் நூல் காற்றில் வயிறு வைத்துப் பக்கத்து நூலோடு போய்ச் சிக்கும். டெல்சி வரிசை நடுவே நடந்துகொண்டே, அறுந்த இடத்தில் முழங்கால் உயரத்தில் இருக்கிற பிரேக்கை முட்டியால் அழுத்தி, வலது கையால் நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டு விட்டுவிட்டுப் போவாள். நடை நிற்காது. பேச்சும் நிற்காது.

அந்த மிஷினை நம்பித்தான் அவள் ஷாஜனிடம், "போதும், வாருங்க" என்று சொன்னாள். அவன் பங்குனியில் வந்தான். மகள் ரெஜிஷா நாலாம் வகுப்பு. அப்பாவை போனில் பார்த்தே பழகிய பிள்ளை, அவன் வந்த முதல் வாரம் அடுத்த அறையிலிருந்து அவனுக்கு வீடியோ கால் போட்டாள். அவனும் எடுத்து, "சொல்லு மக்கா" என்று இருபதடி தூரத்திலிருந்து பேசினான். ரெண்டாம் வாரம்தான் அது அவன் மடியில் வந்து உட்கார்ந்தது. இதை அவன் என்னிடம் ரெண்டு தரம் சொன்னான்.

வைகாசிக் கடைசியில் அவர்கள் சபையில் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. மூன்று நாள் கொட்டகையைப் பூட்டினார்கள். திறந்து ஓட்டியபோது மிஷினில் பழைய இரைச்சல் இல்லை. டெல்சிக்கு ஆச்சரியம். அன்றைக்கு வீட்டு ஜெபத்தில் அதற்கும் சேர்த்து ஸ்தோத்திரம் சொன்னாளாம். அதற்குப் பிறகு போன லோடு திரும்பி வந்தது. அடுத்த லோடும் திரும்பி வந்தது.

ரெண்டாவது லோடை நான் இறக்கிக்கொண்டிருந்தபோதே மகேஷ்குமார் மழைக்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கினான். கம்பெனியில் நூலைச் சோதித்து எடுக்கிறவன். நல்ல பையன், கோபப்பட்டுப் பேசத் தெரியாது. பாபினின் உள்ளேயிருந்து ஒரு கை நீளம் நூலை உருவி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டான்.

"பாத்தியளா அக்கா."

நல்ல நூல் என்றால் அது மாலை மாதிரி வாய் திறந்து தொங்கும். இது தொங்கிய வேகத்தில் தன்னைத்தானே சுற்றிப் பின்னிக்கொண்டது.

"இழை ஒவ்வொண்ணும் இடதுபக்கமா முறுக்கி வருது. நீங்க மூணையும் சேத்து வலதுபக்கமா முறுக்குதிய. ரெண்டும் சமமா இருந்தா நூலு அடங்கும். ஒங்க முறுக்கு இடைக்கிடை குறையுது. வலை பின்னினா முடிச்சு நிக்காது அக்கா. கடல்ல போட்டவன் நம்மள சும்மா விடுவானா?"

"எல்லா பாபினும் இப்பிடியா?"

"இல்ல. சிலதுலயாக்கும். அதுலயும் மேல நல்லாத்தான் இருக்கு. உள்ள போனா அங்கங்க இப்பிடி."

டெல்சி அந்த நூலை வாங்கிப் பிரித்தாள், மறுபடி பின்னியது. பிரித்தாள், பின்னியது.

"பெரிய எடத்துல பேச்சு வந்தாச்சு அக்கா," என்று மகேஷ்குமார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கொட்டாரம் ஊருல ஒருத்தங்க மிஷின் கேட்டுக்கிட்டு இருக்காங்க. வாற வெள்ளிக்கிழமை லோடும் இப்பிடி வந்தா இத அங்க மாத்திருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஷாஜன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மெல்ல வீட்டுக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கீச் கீச்சென்று காது கூசுகிற சத்தம் ஒன்று வந்தது. பரணிலிருந்து இறக்கிய கல்ஃப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறான். அதன் சக்கரம்தான் அப்படி அலறியது.

"என்னத்துக்குப் பெட்டி?" என்று டெல்சி இங்கிருந்தே கத்தினாள்.

"சும்மா தூசி தட்டுதேன்."

"தூசி தட்டுத நேரம் பாரு," என்றாள் தங்கபாய். அவன் பழைய ஃபோர்மேனுக்குப் போன் போட்டுப் பேசியதும், அடுத்த மாசமே வரலாம் என்று அவர் சொன்னதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரம் டெல்சி பட்ட பாட்டைச் சொல்லித் தீராது. முதலில் டிராவலர் தேய்ந்திருக்கும் என்று எல்லாவற்றையும் புதிதாக மாற்றினாள். வளையங்களைத் துடைத்துப் புது கிரீஸ் தடவினாள். சரியாகவில்லை. ஈரத்தில் இழை கனத்திருக்கும் என்று இழைப் பெட்டிகளைச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கினாள். சோறு வடிக்க இடமில்லாமல் ரெண்டு நாள் மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறியோடு சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. அந்தக் கவலையிலும் கறியில் குடம்புளி எடுப்பாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மேல் உருளைகள் இழையைத் தள்ளுகிற வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த பாபின்களும் அளவுக்கு மீறி முறுகின. திரும்பப் பழைய வேகத்துக்கே வைத்தாள்.

"மிஷினு வயசுக்கு வந்தாச்சு, அதுக்க குணம் மாறிப்போச்சு," என்றாள் தங்கபாய்.

"மிஷினுக்கு ஏது தங்கபாயக்கா குணம்? நம்ம கண்ணுலதான் என்னமோ படமாட்டேங்குது."

"பாஸ்டரக் கூப்புட்டு ஒரு ஜெபம் செய்தா என்ன?"

"செய்யலாம். செய்துட்டு பொறவும் நாமதான் தேடணும்."

இதுதான் டெல்சி. எனக்கு அவளிடம் மரியாதை உண்டு என்றால் இதற்காகத்தான். அழுதால் முந்தானையில் துடைத்துக்கொண்டே ஸ்பானரைத் தேடுவாள்.

புதன்கிழமை மத்தியானம். நான் இழை இறக்கப் போயிருந்தேன். மலைப்பக்கம் கீரிப்பாறையில் பேய்மழை என்றார்கள், இங்கேயும் வானம் மூடி, பட்டப்பகலில் கொட்டகையில் டியூப்லைட் எரிந்தது. திடீரென்று கரண்ட் போனது. மிஷின் முனகி நின்றது. பத்து நிமிஷத்தில் வந்தது. தங்கபாய் சுவிட்சைப் போட்டாள். டெல்சி மேலே ஓடத் தொடங்கிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராஜண்ணே, அந்த ஃபேனப் பாருங்க. டியூப்லைட் வெளிச்சத்துல பின்பக்கமா சுத்துதது மாதிரி தெரியுதுல்லா?"

"எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான் பிள்ளே தெரியும். அதுல என்ன?"

அவள் மிஷினை நிறுத்தச் சொன்னாள். வீட்டுக்குள் ஓடிப்போய் ரெஜிஷாவின் பள்ளிக்கூடப் பையைக் கொட்டி, எழுத்தை அழிக்கிற வெள்ளை மை புட்டியோடு வந்தாள். ஒவ்வொரு ஸ்பிண்டிலின் தலையிலும் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தாள். பிறகு, "போடுங்கக்கா" என்றாள்.

மிஷின் எடுத்தது. முதலில் பொட்டெல்லாம் வெறும் வெள்ளை வளையமாகத் தெரிந்தன. வேகம் கூடக் கூட, டியூப்லைட் வெளிச்சத்தில் பொட்டுகள் ஒவ்வொன்றாக அப்படியே நிற்பதுபோல் ஆயின. சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் கண்ணுக்கு நிற்கின்றன. என் ஆயுசில் அப்படி ஒன்றை நான் கவனித்ததில்லை. கிழக்குப் பக்கம் எல்லாம் ஒன்றுபோல நின்றுவிட்டன. மேற்குச் சன்னல் பக்கம் மட்டும் சில பொட்டுகள் நிற்காமல் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தன. ரொம்ப நேரம் கழித்துத்தான் அவை அடங்கின.

"நிறுத்துங்க. திரும்பப் போடுங்க."

மறுபடியும் அதே பொட்டுகள்தான் பிந்தின.

"நாலு நாலா பிந்துது," என்றாள் டெல்சி. குரல் தாழ்ந்துவிட்டது. "ஒரே நாடாவுல ஓடக்கூடிய நாலும் சேந்து பிந்துது. கரண்டு போயிட்டு வரும்போ மேல உருள ஒடனே இழையத் தள்ளுது. இது நாலும் வேகம் எடுக்காம வழுக்குது. அம்புட்டு நேரமும் முறுக்கில்லாத நூலாக்கும் உள்ள போகுது. இந்த மழைக்கு ஒரு நாளைக்கு எத்தன தடவ கரண்டு போகுது!"

மிஷினுக்கு அடியில் ஒரு நீள உருளை சுற்றும். அதிலிருந்து பருத்தி நாடாக்கள் போய் ஸ்பிண்டில்களைச் சுற்றிவிடும், ஒரு நாடாவுக்கு நாலு ஸ்பிண்டில். டெல்சி குனிந்து மேற்குப் பக்கத்து நாடாவைத் தொட்டாள். விரலைத் தேய்த்துப் பார்த்தாள். மூக்கில் வைத்தாள். அப்புறம் அந்த விரலை என் பக்கம் நீட்டினாள்.

"இது என்ன மணம், சொல்லுங்க."

மண்ணெண்ணெயில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்த மாதிரி ஒரு வாடை. என் டெம்போ கதவில் மூன்று மாதமாக இருக்கிற அதே வாடை.   நான் சொல்லத் தேவை இருக்கவில்லை, ஏனென்றால் அந்த நேரம் பார்த்து ஷாஜன் எல்லாருக்கும் பால் விடாத கட்டன்சாயா எடுத்துக்கொண்டு வந்தான்.

டெல்சி விரலை அவன் பக்கம் திருப்பினாள். அவன் முகர்ந்து பார்க்கவில்லை. தட்டை ஸ்டூலில் வைத்தான்.

"கன்வென்சனுக்கு நீங்க எல்லாரும் போன அண்ணைக்கு," என்று ஆரம்பித்தான். "மூணு நாளு மிஷினு சும்மா கெடக்குதே, உப்புக்காத்து பிடிச்சிருமேண்ணு... சன்னல் பக்கமா நின்னு எல்லாத்துக்கும் ஒரு அடி அடிச்சேன். ஒங்கிட்ட சொல்லல்ல. நீயா கண்டுபிடிச்சு சந்தோசப்படட்டும்ணு இருந்தேன். நீயும் ஜெபத்துல சொன்னியே, சத்தம் கொறஞ்சதுக்கு ஸ்தோத்திரம்ணு. நான் கண்ண மூடிக்கிட்டு சிரிச்சேன் டெல்சி."

டெல்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "சைக்கிளு செயினுக்கு எண்ணெ போடுவீங்க. பிரேக்குக் கட்டைக்குப் போடுவீங்களா?"

"போடமாட்டேன்."

"இதும் அது மாதிரிதான். வளையத்துல வழுக்கணும், நாடாவுல பிடிக்கணும். எல்லா எடத்துலயும் வழுக்கினா எதுதான் சுத்தும்? ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்கப்பிடாதா? இந்த மிஷினு இங்க இருக்கதுனாலதான ஒங்கள வரச்சொன்னேன். அத அனுப்புததுக்கு நீங்களே வழி பண்ணி வச்சிருக்கீங்க."

"நான் போயிருதேன். ஃபோர்மேன்கிட்ட பேசியாச்சு," என்றான் அவன். சண்டைக்காகச் சொல்லவில்லை. தப்பு செய்த பிள்ளை தானாகப் போய் மூலையில் நிற்கிற மாதிரி சொன்னான். எனக்கே பாவமாக இருந்தது. இந்த மனுஷன் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் கண்ணில் கண்ட இரும்புக்கெல்லாம் எண்ணெய் போட்டுத் திரிந்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த எண்ணெயே அவனைத் திரும்ப விமானம் ஏற்றப் பார்க்கிறது.

டெல்சி கட்டன்சாயாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"போறதப் பத்தி பொறவு பேசலாம். இப்ப நாடாவ அவுருங்க."

புது நாடா வேண்டுமென்றால் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வராது. பழையதைத்தான் தேற்ற வேண்டும். டெல்சி தையல் படித்தவள். நாடாவின் மூட்டில் இருந்த தையலைப் பிளேடால் பிரித்துப் பிரித்துக் கொடுக்க, ஷாஜன் படுத்தபடி மிஷினுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினான். சோப்புப் போட்டுக் கசக்கினார்கள். அழுக்கு போனது, எண்ணெய் போகவில்லை. மண்ணெண்ணெயில் நனைக்கலாம் என்றேன். அதுவும் ஒரு எண்ணெய்தானே என்று தங்கபாய் என்னைப் பார்த்தாள். டெம்போக்காரனுக்கு அவ்வளவுதான் மூளை.

டெல்சி நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு தங்கபாயின் தலையைப் பார்த்தாள். "அக்கா, எண்ணெ தேச்சு குளிச்சா தலையில உள்ள எண்ணெய எத வச்சு எடுக்கிய?"

"பயறுபொடி வச்சு... ஏட்டி!" என்று தங்கபாய் எழுந்தே விட்டாள்.

வெந்நீரும் பயறுபொடியும் போட்டு நாடாக்களைத் தலை தேய்ப்பதுபோலத் தேய்த்தார்கள். ரெண்டு தரம், மூணு தரம். தண்ணீர் மஞ்சளாகப் போய், அப்புறம் வெளுத்தது. முகர்ந்தால் எலுமிச்சை வாடை போய், குளிப்பாட்டிய பிள்ளையின் மணம் வந்தது. அடுத்த கஷ்டம் உலர்த்துவது. வெயிலுக்கு எங்கே போக? கரண்டும் அப்போது இல்லை. நான் டெம்போவை எடுத்துக்கொண்டு போய் ஜங்ஷனில் துணி தேய்க்கிற கிருஷ்ணமணியிடம் கரிப்பெட்டியை வாங்கிவந்தேன். தேங்காய்ச் சிரட்டையைக் கனலாக்கிப் பெட்டியில் போட்டு, பழைய பேப்பர் நடுவே நாடாவை வைத்துத் தேய்த்தோம். பேப்பரில் எண்ணெய்க் கறை ஏறி ஏறி வந்தது. கறையில்லாத பேப்பர் வரும்வரை தேய்க்கச் சொன்னாள் டெல்சி. கிருஷ்ணமணி பின்னாலேயே சைக்கிளில் வந்துவிட்டான், பெட்டிக்காக இல்லை, என்ன கூத்து என்று பார்க்க. அவனும் ஒரு கை கொடுத்தான்.

வியாழக்கிழமை காலை டெல்சி நாடாக்களைத் திரும்ப மாட்டித் தைத்தாள். மூட்டில் மடிப்பு தடித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பிண்டில் எகிறும், அதனால் இரண்டு முனையையும் சரிவாகச் சீவி, ஒன்றன் மேல் ஒன்றாகப் படிய வைத்து, சட்டைக் காலரைவிட மெல்லிசாகத் தைத்தாள். மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வாயில் ஊசியும் கையில் டார்ச்சுமாக அவள் தைத்ததை நான் பார்த்தேன். ஒரு நாடா தைத்து முடிந்ததும் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள். திருப்தியில்லாமல் இரண்டைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

மிஷினை ஓடவிட்டார்கள். வெள்ளைப் பொட்டெல்லாம் கிழக்கும் மேற்கும் ஒன்றுபோல எழுந்து ஒன்றுபோல நின்றன. தங்கபாய் கைதட்டினாள். கைதட்டி முடியுமுன் நூல் அறுந்தது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. வளையங்கள் காய்ந்திருந்தன. எண்ணெய் என்ற பேச்சே வேண்டாமென்று முந்தின நாள் தங்கபாய் ஆவேசத்தில் வளையங்களில் இருந்த கிரீஸையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள். டிராவலர்கள் ஓட முடியாமல் சூடாகித் தெறித்தன.

"இங்க கிரீஸ் வேணும்," என்றாள் டெல்சி. "நீங்க போடுங்க."

ஷாஜன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் தொடமாட்டேன் தாயே."

"பதினோரு வருசம் போட்ட கையி."

"அந்தக் கையிதான் ஒன்ன இந்தப் பாடு படுத்திச்சு. நீயே போடு."

டெல்சி அவன் பின்னால் போய் வலது கையைப் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்தாள். அவன் சுட்டுவிரலைக் கிரீஸ் டப்பாவில் ஒரு பயறளவு தொட்டு எடுத்தாள். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு முதல் வளையத்தின் உள்விளிம்பில் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். "இம்புட்டுதான். இந்த எடத்துல மட்டும்." ரெண்டாவது வளையத்துக்கும் அவள்தான் பிடித்தாள். மூன்றாவதில் கையை விட்டுவிட்டாள். அவன் தானாகவே சுற்றினான். சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், அவ்வளவு சீராகக் கிரீஸ் தடவுகிறவனை நான் பார்த்ததில்லை. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. நான் மழையைப் பார்க்கிறவன் போல வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று முழுக்கவும் வெள்ளிக்கிழமை காலையிலும் மிஷின் ஓடியது. கரண்ட் போகும்போதெல்லாம் டெல்சி பொட்டுகளுக்கு முன்னால் போய் நிற்பாள். வந்ததும் எல்லாம் ஒன்றாக எழும். நான் லோடை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது அவள் வரவில்லை, சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.  இத்தனை வருஷத்தில் யார் லோடுக்கும் நான் இப்படிப் பயந்ததில்லை. எங்கள் சாமி அய்யாவை நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

மகேஷ்குமார் பாபின்களைக் கலைத்து, நடுவிலிருந்து ஒன்றை எடுத்தான். நூலைப் பாதிவரை பிரித்துக் கழித்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கை நீளம் உருவி, முனைகளைச் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டான். நூல் ஒரு ஆட்டம் ஆடியது. பிறகு வாயைத் திறந்துகொண்டு சும்மா தொங்கியது. அடுத்த பாபின், அதற்கடுத்தது என்று அவன் எடுத்துக்கொண்டே போனான். கடைசியில் தொங்கிய நூலை என் கையில் தந்தான்.

"அக்காட்ட சொல்லிருங்க அண்ணே. மிஷின் அங்கயே இருக்கட்டும்."

டெல்சியிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தங்கபாய் போனைப் பிடுங்கி, "அவ அழுதுக்கிட்டு நிக்கா, நீரு வரும்போ பரோட்டா வாங்கிட்டு வாரும்" என்றாள்.

பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து மறுபடி அந்தக் கீச் கீச் சத்தம். ரெஜிஷா கல்ஃப் பெட்டியை விளையாட்டாக முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். சக்கரம் ஊரைக் கூட்டியது. கோழிகள் ஓடின.

டெல்சி காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள் ஷாஜனிடம். "சர்ச்சு கேட்டுக்குப் போட்டீங்க. பஞ்சாயத்துக் குழாய்க்குப் போட்டீங்க. ராஜண்ணன் டெம்போவ விடல்ல, எனக்க மிஷின விடல்ல. சொந்தப் பெட்டிச் சக்கரம் இப்பிடி கெடந்து அலறுதே, அதுக்கு ஒரு சொட்டு விட ஒங்களுக்குக் கை வரல்லியா?"

ஷாஜன் பரோட்டாப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வந்த அண்ணைக்கே டப்பாவ எடுத்தேன்," என்றான். "பொறவு வச்சிட்டேன். அது ஓட வேண்டாம்ணு விட்டதாக்கும்."

 டெல்சி எழுந்து போய் ரெஜிஷாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். அதை உருட்டவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். சன்னலுக்குக் கீழே வைத்துத் திறந்து, மூலையில் குவிந்து கிடந்த கழிவு நூலை அள்ளி அள்ளி அதற்குள் போட்டாள்.